கெய்லார்டியா: ஒரே பருவம் வாழும் காட்டுப்பூவைப் புரிந்துகொள்ள

டெக்சாஸ் மாநிலத்தில் மார்ச், ஏப்ரலில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் நீலமாகக் கிடக்கும். அது புளூபானெட் பூக்கும் காலம். அந்த நீலம் வற்றத் தொடங்கியதும் அதே ஓரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன், மழை இருந்தால் ஜூலை வரை நிற்கும் அந்தச் சிவப்புதான் கெய்லார்டியா புல்கெல்லா. அங்கே இதை இந்தியன் பிளாங்கெட் என்றும் ஃபயர்வீல் என்றும் அழைப்பார்கள். வடக்கே பக்கத்து மாநிலமான ஓக்லஹோமா 1986இல் இதைத் தன் மாநிலக் காட்டுப்பூவாக அறிவித்தது. நம் ஊர்த் தோட்டங்களிலும் பூங்காப் பாத்திகளிலும் கெய்லார்டியா உண்டு. ஆனால் டெக்சாஸ் பக்கத்தில் அது யாரும் நட்டு வளர்க்காமல் தானாக வருகிற செடி.

தானாக வருகிற செடிதானே, விதையைத் தூவினால் போதாதா என்று தொடங்கித்தான் பலர் தோற்கிறார்கள். இது ஒரு பருவச் செடி. வேரிலோ கிழங்கிலோ எதையும் சேமித்து வைத்து அடுத்த ஆண்டு தழைக்காது. அடுத்த ஆண்டுக்கு அதனிடம் இருப்பது விதை மட்டும்தான். எப்போது விதைப்பது, எவ்வளவு ஆழத்தில், எப்போது வெட்டுவது, எப்போது வெட்டாமல் விடுவது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

ஒரு பூவுக்குள் நூறு பூ

முதலில் பூவைப் பார்த்துவிடலாம். கெய்லார்டியா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் ஆஸ்டரேசி. சாமந்தி, செவ்வந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூத்தலை. பல சிறுமலர்கள் ஒரே மேடையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.

முழுதாக விரிந்த ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். குறுக்களவு 4 முதல் 6 செ.மீ. இருக்கும். சுற்றிலும் இதழ் மாதிரி நீண்டிருப்பவை ஒவ்வொன்றும் தனிப் பூ. பெயர் விளிம்புச் சிறுமலர். அடிப்பக்கம் செங்கல் சிவப்பு, நுனி மஞ்சள், நுனியில் மூன்று பல். முழுச் சிவப்பாகவோ முழு மஞ்சளாகவோ இருக்கும் செடிகளும் கூட்டத்தில் இடையிடையே வரும். விளிம்புச் சிறுமலர்கள் பெரும்பாலும் மலடு. பூச்சிகளின் கண்ணில் படுவதுதான் அவற்றின் வேலை.

விதை தருபவை நடுவில் மேடு தட்டியிருக்கும் நடுத்தட்டுச் சிறுமலர்கள். இவை வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி, வட்டம் வட்டமாகப் பல நாட்களில் விரியும். ஆகவே ஒரே தலையில் ஓரத்தில் காய் பிடிக்கத் தொடங்கியிருக்கும், நடுவில் இன்னும் மொட்டு இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இன்னொன்றும் தெரியும். சிறுமலரின் மகரந்தப்பைகள் ஐந்தும் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழாய் ஆகியிருக்கும். மகரந்தம் அந்தக் குழாயின் உட்பக்கம் கொட்டும். உள்ளிருந்து வளரும் சூல்தண்டு அதை மேலே தள்ளி வெளியே கொண்டுவரும். தள்ளி முடித்த பிறகே சூல்தண்டின் நுனி இரண்டாகப் பிரிந்து, வெளி மகரந்தத்தை ஏற்க விரியும்.

அந்த வெளி மகரந்தம் வேறு செடியிலிருந்து வர வேண்டும். கெய்லார்டியா புல்கெல்லா தன் மகரந்தத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்து, பூவெல்லாம் பூத்தும் விதை ஏன் பதராகவே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப் பதினைந்து செடிகளாவது ஒரே இடத்தில், தேனீ வந்துபோகும் இடத்தில் இருந்தால்தான் நல்ல விதை கிடைக்கும்.

பூவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஓர் அந்துப்பூச்சியும் இருக்கிறது. பெயர் சீனியா வொலூபியா. சிறகும் உடலும் இந்தப் பூவின் அதே சிவப்பு, மஞ்சள். பகலில் பூத்தலை மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தால் பூவின் ஒரு பகுதியாகவே தோன்றும். இதன் புழு கெய்லார்டியாவைத் தின்றே வளரும். பூத்தலை அங்கங்கே கடிபட்டிருந்தால் மருந்து அடிக்க ஓட வேண்டாம். அந்தச் செடி இருக்கும் இடத்தில் அந்தப் பூச்சியும் இருப்பதுதான் முறை.

ஓர் ஆண்டு எப்படிப் போகிறது

ஒரு பருவச் செடி என்றால் ஜனவரியில் முளைத்து டிசம்பரில் மடிவது என்று நினைத்துவிடக் கூடாது. டெக்சாஸில் கெய்லார்டியாவின் ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. கோடையில் உதிர்ந்த விதை இலையுதிர்கால மழையில் முளைக்கும். குளிர் முழுவதும் செடி தரையோடு தரையாக, வட்டமாகப் பரப்பிய இலைக்கொத்தாகவே இருக்கும். மேலே எதுவும் நடக்காதது போலத் தெரிந்தாலும் கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். மார்ச்சில் தண்டு எழும்பி 30 முதல் 60 செ.மீ. உயரம் போகும். பிறகு பூ, விதை. ஜூலை வெயிலில் செடி காய்ந்து நிற்கும். அத்துடன் அந்தச் செடியின் வாழ்க்கை முடிந்தது.

குளிரில் வேர் இறக்கி வைப்பதால்தான் மே மாத வெயிலில் வாடாமல் பூக்க முடிகிறது. குளிர் கடுமையான வடக்குப் பகுதிகளில் வசந்தத்தில் விதைத்தாலும் வரும். டெக்சாஸின் பெரும்பகுதியில் மார்ச்சில் விதைப்பது வீண். வேர் ஊன்றுவதற்கு முன் வெயில் வந்துவிடும், நான்கு விரல் உயரத்தில் இரண்டு பூ பூத்துவிட்டுச் செடி முடிந்துவிடும்.

நெல் அறுத்த வயலில் ஈரம் காய்ந்துவரும்போது எழும் கொட்டைக்கரந்தை நம் பக்கத்தில் இதற்கு ஈடு. அதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான். வெற்று நிலம் கிடைக்கும் அந்த இடைவெளிக்குள் முளைத்துப் பூத்து விதை போட்டுவிட வேண்டும் என்ற அதே அவசரம் அதற்கும் உண்டு.

எந்த மண்ணுக்குச் சொந்தம்?

ஒரு செடியை மண்ணின் செடி என்று சொன்னால், எந்த மண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கெய்லார்டியா புல்கெல்லா அமெரிக்காவின் தெற்கு, நடுப்பகுதிச் சமவெளிகளுக்கும் மெக்சிகோவின் வடக்குக்கும் உரியது. அங்கே அதை உண்டு வாழும் பூச்சிகள் உண்டு, அதோடு போட்டியிட்டுப் பழகிய புற்கள் உண்டு. மனிதர் கை படாமலே அந்தக் கணக்கு அங்கே சமனாக ஓடியது.

இதற்கு நேர் எதிரான காட்சி நம் ஊர்ச் சாலையோரத்தில் இருக்கிறது. பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பம், அதுவும் ஒரு பருவச் செடி, அதற்கும் பூர்வீகம் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிய பகுதி. கெய்லார்டியாவுக்குக் கிட்டத்தட்ட அண்டை வீடு. அங்கே அது பல செடிகளில் ஒரு செடி. 1950களில் புனே பகுதியில் கண்டறியப்பட்ட பிறகு இந்தியா முழுவதும் பரவி, வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிவிட்டது. திருப்பிப் பார்த்தால், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் டெக்சாஸில் பெர்முடா புல் என்ற பெயரில் புல்தரைக்கும் மேய்ச்சலுக்கும் கொண்டுபோகப்பட்டு, இன்று காட்டுப்பூ வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலியாக நிற்கிறது. ஊரைவிட்டுப் பெயர்ந்த செடி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் சொந்த ஊரில் பார்த்து முடிவு செய்ய முடியாது.

கெய்லார்டியாவும் இதற்கு விலக்கில்லை. தைவானின் பெங்கூ தீவுகளில் அது தோட்டத்திலிருந்து தப்பி மணல்வெளியில் குடியேறிவிட்டது. இன்று அந்த மாவட்டத்தின் மலரே அதுதான். உப்புக்காற்றையும் மணலையும் நன்றாகத் தாங்கும் செடி இது. ஆகையால் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் வளர்ப்பவர்கள் அதைத் தோட்டப் பாத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடும்பு படரும் மணல் மேட்டில் இந்த விதையைத் தூவ வேண்டாம்.

சொந்த ஊருக்குள்ளேயும் எல்லா விதையும் ஒன்றல்ல. மத்திய டெக்சாஸில் சுண்ணாம்பு மண்ணில் வளரும் கெய்லார்டியாக் கூட்டமும், பக்கத்திலேயே சுண்ணாம்பு இல்லாத மணல் மண்ணில் வளரும் கூட்டமும் தத்தம் மண்ணுக்கு ஏற்றபடி வேறுபட்டிருக்கின்றன. முடிந்தவரை தம் பகுதியில் சேகரித்த விதையை வாங்கச் சொல்வது இதனால்தான். பையின் மேல் இருக்கும் பெயரையும் கவனியுங்கள். கெய்லார்டியா கிராண்டிஃப்ளோரா என்று இருந்தால் அது புல்கெல்லாவையும் பல்லாண்டு வாழும் கெய்லார்டியா அரிஸ்டாட்டாவையும் கலந்து உருவாக்கிய தோட்டக் கலப்பினம். அழகான செடிதான், ஆனால் காட்டுப்பூ வெளிக்கு உரியதல்ல.

விதைக்கும் முறை

இடம்: நாள் முழுக்க வெயில், குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில். மண் எப்படியும் இருக்கலாம், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. கனமழைக்குப் பிறகு அரை நாள் ஆகியும் நீர் வடியாத இடம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

நிலத்தைத் தயார் செய்வதுதான் பாதி வேலைக்கு மேல். இருக்கும் புல்லைத் தரையோடு வெட்டி, காய்ந்த சருகையும் புல் குப்பையையும் வாரி அகற்றி, மண் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். அருகம்புல் வேரோடிய இடமாக இருந்தால் கோடையில் தண்ணீர் விட்டு நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் விரிப்பால் 6 முதல் 8 வாரம் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து வையுங்கள். அந்தச் சூட்டில் மேல்மண்ணில் உள்ள வேரும் களை விதையும் பெரும்பாலும் வெந்துவிடும். பிறகு மண்ணை 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் கிளறாதீர்கள். ஆழ உழுதால் கீழே உறங்கிக் கிடக்கும் களை விதையையெல்லாம் மேலே கொண்டுவந்து, அதற்கு விதைப்பு நடத்தியதாக ஆகிவிடும்.

அளவு: கெய்லார்டியா மட்டும் என்றால் ஏக்கருக்கு 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ. வீட்டுத் தோட்டக் கணக்கில் சதுர மீட்டருக்கு 1 கிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராமில் 300 முதல் 500 விதை வரை இருக்கும். வேறு காட்டுப்பூ விதைகளோடு கலந்தால் பங்குக்கு ஏற்பக் குறைக்கலாம். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு உலர்ந்த மணல் சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். நம் ஊரில் கீரை விதை தூவுவது மாதிரியேதான். மணல் விழுந்த இடம் தெரிவதால் எங்கே விட்டுப்போனது என்பதும் தெரியும். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மறுபாதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் திட்டுத் திட்டாக வராது.

அடுத்தது, பலர் தவறவிடும் இடம். விதையை மண்ணால் மூட வேண்டாம். முளைப்புக்கு வெளிச்சம் உதவுகிறது. அதிகம் போனால் 3 மி.மீ. மண் போதும். ஆனால் விதை மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். காய்ந்த புல் மேல் தொங்கிக்கொண்டிருக்கும் விதை ஈரத்தை இழுக்காது. ஆகவே தூவியதும் அந்த இடம் முழுக்கக் காலால் மிதித்து நடங்கள். பெரிய இடமென்றால் உருளை ஓட்டுங்கள். சிறிய இடமென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று நகர்த்திக்கொண்டே போகலாம்.

மழை இல்லையென்றால் முதல் 4 முதல் 6 வாரம் மேல்மண் காயாமல் பூவாளியால் மெல்லத் தெளிக்க வேண்டும். 7 முதல் 21 நாளில் முளை தெரியும். முதல் இரண்டு விதையிலைகள் சிறிதாக, வழவழப்பாக இருக்கும். அடுத்து வருபவை நீளமாக, சாம்பல் பூத்த பச்சையில், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இந்த நிலையில் களை என்று பிடுங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு தொட்டியில் அதே நாளில் கொஞ்சம் விதையை மட்டும் போட்டு வையுங்கள். தொட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் களை எடுக்கலாம்.

அதன் பிறகு விட்டுவிடலாம். வசந்தத்தில் வாரக்கணக்கில் மழை இல்லாமல் போனால் மட்டும் வாரம் ஒருமுறை 12 மி.மீ. அளவுக்குத் தண்ணீர். உரம் எதுவும் வேண்டாம். தழைச்சத்து கொடுத்தால் புல்லும் களையும்தான் முந்திக்கொள்ளும். கெய்லார்டியா இலை கொழுத்து, தண்டு நீண்டு, பூக்கும் நேரத்தில் சாய்ந்து விழும். ஏழை மண்ணில் குட்டையாக, உறுதியாக நின்று அதிகம் பூக்கும் செடி இது.

எங்கே கெடுகிறது

முளைக்கவே இல்லையென்றால் மூன்று இடத்தில் பாருங்கள்: ஆழமாக மூடியது, மண்ணோடு ஒட்டாதது, முளைவிட்ட பிறகு இரண்டு நாள் காயவிட்டது. மூன்றாவதுதான் அதிகம். முளைத்த செடி குளிரில் அழுகினால் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். பூக்கும் காலத்தில் இலையில் வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய். நெருக்கமும் மாலைத் தண்ணீரும் அதற்குக் காரணம். காலையில் வேரடியில் விடுங்கள். பூ பச்சையாகத் திருகி, தண்டு விளக்குமாறு போலக் கொத்துக் கொத்தாக வந்தால் அது ஆஸ்டர் மஞ்சள் நோய். தத்துப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது, அந்தச் செடியைப் பிடுங்கி அகற்ற வேண்டும்.

முதல் ஆண்டு அமோகமாகப் பூத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் காணாமல் போவதுதான் உண்மையான ஏமாற்றம். விதை கெட்டதால் அல்ல, வெற்று மண் தீர்ந்துபோனதால் அப்படி ஆகிறது. பல்லாண்டுப் புற்கள் அடர்ந்து தரையை மூடிவிட்டால் ஒரு பருவச் செடியின் விதை விழ இடமில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் புல்லைக் குட்டையாக வெட்டி, இரும்பு வாரியால் அங்கங்கே மண் தெரியக் கீறிவிட்டால் இது நேராது. மேய்ச்சலும் தீயும் அந்தச் சமவெளிகளில் முன்பு இந்த வேலையைச் செய்தன.

கெய்லார்டியா எப்போதும் தோற்கும் கட்சி அல்ல. ரபிஸ்டிரம் என்ற கடுகுக் குடும்பத்து அயல்நாட்டுக் களை ஒன்று டெக்சாஸ் சாலையோரங்களில் காட்டுப்பூக்களை மூடிக்கொண்டு பரவுகிறது. ஆஸ்டினில் உள்ள லேடி பேர்ட் ஜான்சன் காட்டுப்பூ மையத்தின் ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. அந்தக் களை மண்டிய இடத்தில் கெய்லார்டியா விதையை அடர்த்தியாகத் தூவியபோது களையின் வளர்ச்சி குறைந்தது. இரண்டும் இலையுதிர்காலத்தில் முளைத்துக் குளிரில் தரையோடு படர்பவை. இடத்தை முதலில் பிடிப்பது யார் என்பதுதான் போட்டி. களையை அழித்துவிட்டு நிலத்தை வெறுமனே விட்டால் களையே திரும்பி வரும். மண்ணின் செடியைக் கொண்டு நிரப்பினால் அந்த இடம் அதற்குக் கிடைக்காது.

காய்ந்த செடியை வெட்டாதீர்கள்

டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறை 1932இல் ஜாக் கபல்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரைப் பணியில் சேர்த்தது. 1934இலேயே பாதுகாப்புக்கு அவசியமான இடம் தவிர, வசந்தகாலப் பூக்கள் முடியும்வரை சாலையோரப் புல் வெட்டுவதைத் தள்ளிவைக்கும் விதி வந்துவிட்டது. இன்று அந்தச் சாலைகள் பூத்துக் கிடப்பதற்கு, ஆண்டுதோறும் தூவும் விதை ஒரு காரணம் என்றால், வெட்டாமல் காத்திருப்பது அதைவிடப் பெரிய காரணம் என்றே சொல்லலாம்.

காத்திருக்க வேண்டிய காலம் கண்ணுக்கு அழகான காலம் அல்ல. விளிம்பிதழ்கள் உதிர்ந்ததும் பூத்தலை ஒரு முள்ளுருண்டை போலாகும். பச்சை மாறி வைக்கோல் நிறம் வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அக்கம்பக்கத்தார் குப்பையாகக் கிடக்கிறதே என்று சொல்லத் தொடங்குவதும், வீட்டுக்காரர் புல்வெட்டியை எடுப்பதும் இந்த மூன்று வாரத்துக்குள்தான். ஓர் ஆண்டு முழுவதும் செடி உழைத்தது அந்த உருண்டைக்காகத்தான். பாதிக்கு மேற்பட்ட தலைகள் காய்ந்து, கட்டைவிரலால் தேய்த்தால் உதிர்கிற நிலை வரும்வரை வெட்டாதீர்கள். பிறகு வெட்டும்போதும் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வெட்டி, வெட்டியதை அங்கேயே சில நாள் கிடக்க விட்டு, விதை உதிர்ந்த பிறகு அள்ளுங்கள்.

விதை எடுத்து வைக்க விரும்பினால், காய்ந்த தலையைப் பறித்து ஒரு தட்டில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு விதையின் அடியிலும் சாம்பல் நிற மயிர், மேலே மெல்லிய செதில்கள், அவற்றின் நுனியில் கூரிய இழைகள். அந்த இழைகள் விலங்கின் ரோமத்திலும் துணியிலும் சிக்கி விதையை நகர்த்தும். நகத்தால் கீறினால் உள்ளே கெட்டியான வெண்பருப்பு இருக்க வேண்டும். தட்டையாக நசுங்கினால் பதர். நிறையச் சேகரிப்பதாக இருந்தால் கையுறை போடுங்கள். இச்செடியில் உள்ள வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும்.

தேய்த்த விதையை நிழலில் காகிதத்தின் மேல் ஒரு வாரம் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு, பூ இருந்த இடமும் மாதமும் எழுதி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் மிச்ச ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். சேகரிக்கும்போது ஒரே செடியை மொட்டையடிக்காமல் பல செடிகளிலிருந்து ஒன்றிரண்டு தலையாக எடுங்கள். தலைகளில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே உதிரட்டும்.